ஹென்றி டன்ஸ்டர் பேசாமல் இருந்திருக்கலாமா?

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

ஹார்வர்டு கல்லூரியின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டர் பற்றிப் படித்தேன். 14 வருஷம் கல்லூரியை நடத்தியவர், கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்ற ஒரு கொள்கைக்காக 1654இல் பதவியை விட்டுப் போயிருக்கிறார். மேலே இருந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: கருத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பதவியில் இருங்கள். அதைக்கூடச் செய்ய முடியாதா? எனக்கு இது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிகிறது. கல்லூரியை விடவா அந்தக் கருத்து பெரியது?

ஜனவரி 10

பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அந்த மனிதர் கையில் என்ன வந்தது, எதை விட்டுப் போனார் என்று பார்க்க வேண்டும்.

1636இல் அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம், அதாவது அதன் சட்டசபை, ஒரு கல்லூரிக்காக 400 பவுண்டு ஒதுக்கியது. 1638இல் காலமான ஜான் ஹார்வர்டு என்ற இளம் போதகர் தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அதற்கு எழுதிவைத்தார். பெயர் அவருடையது ஆயிற்று. நடத்த வந்த முதல் ஆள் நத்தானியேல் ஈட்டன். தன் உதவியாளர் பிரிஸ்கோவை இரண்டு பேரை விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கஜ நீளத் தடியால் அடித்தார். குதிரையைக் கொல்லப் போதுமான தடி என்று ஆளுநர் வின்த்ராப் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாப்பாடும் மோசம். குடல் எடுக்காத கானாங்கெளுத்தி மீன், ஆட்டுப் புழுக்கை கிடந்த களி என்று மாணவர்கள் புகார் செய்தார்கள். அது தனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனாலும் தன் வீட்டில் நடந்ததற்கு வெட்கப்படுகிறேன் என்று ஈட்டனின் மனைவி வாக்குமூலம் கொடுத்தார். 1639இல் ஈட்டனை நீக்கினார்கள். பையன்கள் கலைந்து போனார்கள். ஓராண்டு போலக் கல்லூரி மூடிக் கிடந்தது.

1640 கோடையில் டன்ஸ்டர் பாஸ்டனில் வந்து இறங்குகிறார். லங்காஷயரில் பெரி என்ற ஊர்க்காரர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாக்டலின் கல்லூரியில் படித்தவர், 30 வயது. வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, ஆகஸ்ட் 27ஆம் தேதி கல்லூரியை அவர் தலையில் வைத்துவிட்டார்கள். கட்டடம் முடியவில்லை. மாணவர் இல்லை. ஆசிரியர் அவர் ஒருவர்தான்.

1642இல் முதல் பட்டமளிப்பு விழா. ஒன்பது பேர் பட்டம் வாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்பது பட்டதாரிகள். இதைச் செய்தவர் அதை விட்டுப் போகிறார் என்றால் லேசான மனதோடு போயிருக்க முடியாது. அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம்.

ஜனவரி 10, இரவு

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஜார்ஜ் டௌனிங். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் கிராம்வெல் காலத்திலும் பிறகு இரண்டாம் சார்லஸ் காலத்திலும் பெரிய ஆளாக இருந்தார். லண்டனில் பிரதமர் வீடு இருக்கும் டௌனிங் தெரு அவர் பெயர்தான். முதல் அணியில் பலர் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். அப்போது அங்கே மன்னர் தரப்பு தோற்று, இந்தக் குடியேற்றத்தாரைப் போன்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களுக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்த நேரம். தான் வளர்த்த பையன்கள் கப்பலேறிப் போவதைப் பார்ப்பது டன்ஸ்டருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13

நான் ஒரு சிறிய கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் டன்ஸ்டர் வாழ்க்கையில் மற்றவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. பணம்.

கல்லூரிக்குச் சார்ல்ஸ்டவுன் படகுத்துறை வருமானத்தை ஒதுக்கினார்கள். ஆற்றைக் கடக்கிறவர்கள் கொடுக்கும் கட்டணம். ஆனால் அது காசாக வரவில்லை. பூர்வகுடி மக்கள் சிப்பியில் செய்யும் வாம்பம் மணிகளாக வந்தது. மதிப்பு ஏறி இறங்கும், நல்ல மணியைத் தாங்களே வைத்துக்கொண்டு மட்டமானதைக் கல்லூரிக்குத் தள்ளுவதும் நடக்கும். 1644இல் கல்லூரி இருந்த ஊரான மாசச்சூசெட்ஸ் கேம்பிரிட்ஜின் போதகர் தாமஸ் ஷெப்பர்டு ஒரு யோசனை சொன்னார்: நியூ இங்கிலாந்தில் முடிந்த ஒவ்வொரு குடும்பமும் ஏழை மாணவர்களுக்காக வருஷத்துக்குக் கால் புஷல் கோதுமை அல்லது 12 பென்னி கொடுக்கட்டும். கல்லூரித் தானியம் என்றே அதற்குப் பெயர் வந்தது. கட்டணமும் அப்படித்தான். கணக்குப் புத்தகத்தில் கோதுமை, மால்ட், வெண்ணெய், ஆடு என்று வரவு வைத்திருக்கிறார்கள்.

பையன் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். அதை யார் வாங்குவது, எங்கே கட்டுவது, எவ்வளவு என்று வரவு எழுதுவது? மேலாளர் ஒருவர் இருந்தார் என்றாலும், முடிவில் எல்லாம் தலைவர் வாசலுக்குத்தான் வரும். எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் மழைக்கு ஒழுகிய ஓட்டுக் கூரையும், சமையல்காரர் சொல்லாமல் நின்ற நாளும், எல்லாம் என் அறைக்குத்தான் வந்தன. பாடம் நடத்திய நேரத்தை விட அதற்குப் போன நேரம் அதிகம்.

இதற்கு நடுவில் டன்ஸ்டர் தர்க்கம், இயற்பியல், கிரேக்கம், எபிரேயம், கல்தேயம், சிரியாக், பேச்சுக்கலை, இறையியல் எல்லாம் நடத்தினார். உதவிக்கு அவரிடமே படித்துப் பட்டம் வாங்கிய இளைஞர்கள் சிலர் இருந்தார்கள்.

சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பாக்கி கேட்டு எழுதினார். கேட்டு எழுத வேண்டிய நிலைக்கு அவரை விட்டதே எனக்குக் கோபமாக இருக்கிறது.

ஜனவரி 14

அச்சகத்தைச் சொல்லாமல் விட்டேன். அது முக்கியம்.

ஜோஸ் குளோவர் என்ற போதகர் 1638இல் இங்கிலாந்திலிருந்து ஒரு அச்சு இயந்திரத்தோடு புறப்பட்டார். கூட ஸ்டீபன் டே என்ற பூட்டுத் தொழிலாளி. குளோவர் கப்பலிலேயே இறந்துபோனார். மனைவி எலிசபெத் குழந்தைகளோடும் இயந்திரத்தோடும் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்து அதை ஓட்ட ஏற்பாடு செய்தார். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் முதல் அச்சகம் அதுதான். 1640இல் அதிலிருந்து வந்த, பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய சங்கீதப் புத்தகத்தின் ஒரு பிரதி 2013இல் 1 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. உலகத்தில் மிஞ்சியிருப்பது 11 பிரதிகள்.

1641இல் டன்ஸ்டர் அந்த எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். குளோவர் குழந்தைகள் ஐந்து பேரும் அவர் பொறுப்பு. இரண்டு வருஷத்தில் எலிசபெத் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் மறுமணம், அந்த மனைவி பெயரும் எலிசபெத். அச்சகம் டன்ஸ்டர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சங்கீதப் புத்தகத்தின் பாட்டுகள் கரடுமுரடாக இருக்கின்றன என்று ரிச்சர்டு லயன் என்பவரோடு உட்கார்ந்து திருத்தி 1651இல் புதிதாகக் கொண்டுவந்தார். பிறகு நியூ இங்கிலாந்து சபைகள் நீண்ட காலம் பாடியது அந்தத் திருத்திய பதிப்பைத்தான். ஏலத்தில் கோடிகள் போவது முதல் பதிப்பு, மக்கள் வாயில் இருந்தது டன்ஸ்டர் பதிப்பு.

ஜனவரி 17

மாணவர் விதிகள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்.

சேர வேண்டும் என்றால் லத்தீன் எழுத்தாளர் சிசரோவைப் படித்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும், லத்தீனில் செய்யுளும் உரைநடையும் எழுத வேண்டும், கிரேக்கச் சொல் வடிவங்கள் தெரிய வேண்டும். உள்ளே வந்தபின் தாய்மொழியில் பேசக் கூடாது, லத்தீன்தான். இந்த இடத்தில் எனக்குப் பள்ளிக்கூட நினைப்பு வருகிறது. நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம். அந்தக் காசை எடுத்து வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போன பையன்கள் உண்டு. டன்ஸ்டரின் விதியைப் படிக்கும்போது ஆங்கிலமே அபராதத்துக்குரிய மொழியாக இருந்த ஒரு இடம் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல்.

புகையிலைக்கும் விதி உண்டு. பெற்றோர் சம்மதம், தலைவர் அனுமதி, வைத்தியர் சொன்ன காரணம் மூன்றும் இருந்தால், தனியாக உட்கார்ந்து அடக்கமாகப் பிடிக்கலாம்.

அவர் மென்மையான ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. 1644இல் போதகர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் ஊரில் வீடு புகுந்து திருடினார்கள். இருவருக்கும் சுமார் 20 வயது. தலைவரே கையில் எடுத்து அடித்தார். ஈட்டனின் அடியும் இதுவும் ஒன்றல்ல, அது வெறி, இது அந்தக் காலத்துத் தண்டனை. ஆனாலும் அவர் காலத்து மனிதர்தான் அவரும்.

ஜனவரி 18

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்கிறேன். படிப்பு மூன்று வருஷமாக இருந்ததை நான்காக்கியது டன்ஸ்டர்தான். ஒரு வருஷச் செலவு கூடுகிறதே என்று மாணவர் சிலர் பட்டம் வாங்காமலே போய்விட்டார்கள். அவர் கல்லூரியின் தரத்தைப் பார்த்தார், பையன்கள் வீட்டுக் களஞ்சியத்தைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது.

ஜனவரி 22

சரி, ஞானஸ்நானத்துக்கு வருவோம். கேள்வி கேட்டவர் அதை ஒரு வீட்டு விஷயம் போல எழுதியிருக்கிறார். அன்றைய மாசச்சூசெட்ஸில் அது வீட்டு விஷயம் இல்லை.

அங்கே சபைதான் ஊர். சபை அங்கத்தினருக்குத்தான் குடியேற்றத் தேர்தலில் ஓட்டு. அங்கத்தினரின் குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்று, கடவுளோடு சபை செய்த உடன்படிக்கைக்குள் வருகிறது. குழந்தைக்கு வேண்டாம், விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டவருக்கு மட்டும்தான் ஞானஸ்நானம் என்று ஒருவர் சொன்னால், அஸ்திவாரக் கல்லை உருவுகிறார் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. 1644இலேயே அப்படிப் பேசுகிறவர்களை நாடு கடத்தச் சட்டம் போட்டுவிட்டார்கள். 1651இல் லின் ஊரில் ஒரு வீட்டில் கூடி ஜெபித்த, இதே கருத்துள்ள மூன்று பாப்டிஸ்டுகளைப் பிடித்தார்கள். அபராதம் கட்ட மறுத்த ஒபதியா ஹோம்ஸுக்குப் பாஸ்டனில் 30 சவுக்கடி.

இது நடந்து சுமார் இரண்டு வருஷத்தில்தான் டன்ஸ்டர் தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறார். என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்தவர் இல்லை.

ஜனவரி 23

நேற்று எழுதிய பிறகு இரவெல்லாம் யோசித்தேன். "பேசாமல் இருந்திருக்கலாம்" என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

1653இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். சபையில் எல்லாரும் குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். கல்லூரித் தலைவர் கொண்டுவரவில்லை. ஒரு வாரம் போகிறது, ஒரு மாதம் போகிறது. ஊரே பார்க்கிறது. இதில் எப்படி மௌனமாக இருப்பது? அவர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் தண்ணீர் படாத அந்தக் குழந்தை இருக்கிறது. உண்மையில் அவர் அமைதியாக இருக்க வேண்டுமென்றால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்ச் சபை முன்னால் நிற்க வேண்டும். தவறு என்று தான் நம்பும் காரியத்தைத் தன் கையால் செய்ய வேண்டும். கருத்தை மனதுக்குள் வைத்துக்கொள் என்று கேட்டது போல வெளியே தெரியும். அவருக்கு அது ஒரு செயலைச் செய் என்ற கட்டளை.

அடுத்து வந்த சார்ல்ஸ் சான்சியை எல்லாரும் ஒப்பிடுவார்கள். அவருக்கும் மாறுபட்ட கருத்து உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் சரி, ஆனால் தண்ணீரைத் தெளிக்கக் கூடாது, தண்ணீருக்குள் முக்கி எடுக்க வேண்டும் என்றார். திருவிருந்து மாலையில்தான் நடக்க வேண்டும் என்றார். இரண்டையும் பிரசங்கிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு பதவிக்கு வந்து, 1672இல் சாகும்வரை இருந்தார். அவரால் முடிந்ததே, இவரால் ஏன் முடியவில்லை என்கிறார்கள். சான்சியிடம் கேட்டது நிஜமாகவே மௌனம் மட்டும்தான். டன்ஸ்டரிடம் கேட்டது அதுவல்ல.

ஜனவரி 25

இன்னொருவர், இது கொஞ்சம் நுணுக்கமான வாதம், பதவியில் இருக்கும் எல்லாருமே தினமும் இப்படி எதையாவது விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

விழுங்கியிருக்கிறேன். நான் முதல்வராக இருந்தபோது ஒரு ஆசிரியர் நியமனம் முறையாக நடக்கவில்லை. நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம், உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். போட்டேன். கல்லூரி நடக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளம் வர வேண்டும் என்ற கணக்கு எனக்கு இருந்தது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அந்த ஆசிரியரை ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்து வணக்கம் சொன்ன வருஷங்களை நினைத்தால், மௌனம் ஒரு நாளோடு முடிகிற காரியம் இல்லை என்பது தெரியும். தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். டன்ஸ்டரைப் பற்றி இத்தனை எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 29

நடந்த வரிசையைக் கேட்டார்கள்.

1653 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் சபைப் போதகர் ஜோனதன் மிட்செல் அவரைத் தனியாகப் போய்ப் பார்த்துப் பேசினார். மிட்செல் டன்ஸ்டரிடம் படித்தவர். ஷெப்பர்டு இறந்த பின் அந்தப் பிரசங்க மேடைக்கு வந்தவர். குருவைத் திருத்தப் போன சிஷ்யனுக்கே மனம் ஆட ஆரம்பித்துவிட்டது. டன்ஸ்டர் வீட்டிலிருந்து திரும்பியபின் குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிரான எண்ணங்கள் தன்னை நெருக்கியதாகவும், அவை தீயவனிடமிருந்து வருகின்றன என்று தோன்றியதாகவும், மலையை நகர்த்தும் அளவு பலமான வாதம் வந்தாலொழிய அசைவதில்லை என்று உறுதி எடுத்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். டன்ஸ்டரின் பேச்சுக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு எதிர்த் தரப்பே தந்த சாட்சி இது. மிட்செலின் நேர்மையையும் மெச்சுகிறேன். ஆடினேன் என்று எழுதி வைக்க எத்தனை போதகர்களுக்கு மனம் வரும்?

1654 பிப்ரவரியில் பாஸ்டனில் போதகர்கள் கூடி இரண்டு நாள் அவரோடு வாதம் செய்தார்கள். அவர் நகரவில்லை. மே மாதம் பொதுமன்றம், விசுவாசத்தில் பிசகியவர்களைக் கல்லூரியில் கற்பிக்க விடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அவர் பெயர் அதில் தேவைப்படவில்லை. ஜூனில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். உடனே ஏற்கவில்லை, யோசிக்க நேரம் கொடுத்தார்கள். அவர்களும் அவரை இழக்க விரும்பவில்லை, அது நிஜம்.

ஜூலை 30ஆம் தேதி கேம்பிரிட்ஜ் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கப்போகும் நேரத்தில் டன்ஸ்டர் எழுந்து குறுக்கே பேசினார். அதோடு எல்லாம் முடிந்தது. அக்டோபரில் கடைசி ராஜினாமா.

ஜனவரி 30

ஜூலை 30 பற்றி என் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

தன் குழந்தையைக் கொண்டுவர மாட்டேன் என்பது அவர் உரிமை. இன்னொருவர் தன் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கும்போது எழுந்து இது தவறு என்பது வேறு. அந்தத் தாய் தகப்பன் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்பார்கள்? அவர்களுக்கு அது வாழ்க்கையின் பெரிய நாள். 14 வருஷம் ஒரு ஊரின் மரியாதையைச் சம்பாதித்தவர், அந்த மரியாதையின் முழுப் பாரத்தையும் ஒரு எளிய குடும்பத்தின் மேல் இறக்கியிருக்கிறார்.

மறுபக்கம், அந்தச் சபை அவருடையதும்தான். எல்லா வழியாகவும் பேசிப் பார்த்தாயிற்று. தனியாக, எழுத்தில், இரண்டு நாள் வாதத்தில். இனி அவர் நம்பியதைச் சபையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

கேள்வி கேட்டவர் பிடிவாதம் என்ற சொல்லை இந்த ஒரு நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

பிப்ரவரி 3

நவம்பரில் அவர் பொதுமன்றத்துக்கு எழுதிய மனுவைப் படிக்காதவர்கள் படிக்க வேண்டும். தலைவர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அவர் காரணங்களை வரிசையாக எழுதுகிறார். இது போகும் காலமில்லை, பகல் மிகக் குறுகியிருக்கும் நாட்கள், கடும் குளிர். போகும் இடம் எனக்கும் குடும்பத்துக்கும் தெரியாத இடம், ஆடுமாடுகளை என்ன செய்வது? இந்த வீட்டில் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகும் தீனியும் சேர்த்து வைத்தாயிற்று. இந்த வீட்டைக் கட்டியது நான், கல்லூரி மேல் வைத்த அன்பால் எனக்கு நஷ்டமான நிபந்தனைகளை ஏற்றுக் கட்டினேன். என்னைத் தவிர எல்லாரும் பெண்களும் குழந்தைகளும். மனைவிக்கு உடம்பு சரியில்லை. கடைசிக் குழந்தை மாதக்கணக்கில் நோயாய்க் கிடக்கிறான், வெளியே தூக்கிப் போகத் துணிய முடியவில்லை.

அந்தக் கடைசிக் குழந்தைதான் இத்தனைக்கும் நடுவில் இருந்தவன். இதில் எங்கேயும் கொள்கை இல்லை, வசை இல்லை, தன் சேவையைப் பற்றிப் பெருமை இல்லை. விறகு, தீனி, நோய். முதலில் மறுத்தவர்கள் பிறகு மார்ச் வரை இருக்கவிட்டார்கள்.

1655 ஏப்ரலில் நீதிமன்றம் ஜூலை 30 காரியத்துக்காக அவரைக் குற்றவாளி என்று சொல்லி, எல்லார் முன்னாலும் கண்டிக்கும்படி தீர்ப்பு கொடுத்தது.

பிப்ரவரி 4

எங்கே போனார் என்று கேட்கிறார்கள். பிளிமத் குடியேற்றத்தில் சிட்யுவேட் என்ற கடலோர ஊர். அதுவரை அங்கே போதகராக இருந்தவர் சான்சி. அவர் சிட்யுவேட்டிலிருந்து ஹார்வர்டுக்கு வந்தார், டன்ஸ்டர் ஹார்வர்டிலிருந்து சிட்யுவேட்டுக்குப் போனார். பிளிமத்காரர்கள் இந்த விஷயத்தில் அவ்வளவு கடுமையாக இல்லை. அங்கே பிரசங்கித்து வாழ்ந்து 1659 பிப்ரவரியில் இறந்தார். 49 வயது.

பிப்ரவரி 8

அவர் செய்ததில் பெரியது எது என்று ஒருவர் கேட்டதற்கு: 1650ஆம் ஆண்டுச் சாசனம்.

அதற்கு முன் கல்லூரி என்பது ஆளுநர்களும் போதகர்களும் சேர்ந்த மேற்பார்வைக் குழுவின் கையில் இருந்தது. டன்ஸ்டர் முயற்சி எடுத்து 1650 மே 31ஆம் தேதி பொதுமன்றத்திடம் ஒரு சாசனம் வாங்கினார். தலைவர் ஒருவர், ஃபெல்லோக்கள் என்ற நிர்வாக உறுப்பினர்கள் ஐந்து பேர், பொருளாளர் ஒருவர். இந்த ஏழு பேரும் சேர்ந்து சட்டப்படி ஒரு நிரந்தர அமைப்பு. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம், ஆள் இறந்தால் மற்றவர்கள் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஹார்வர்டு இன்றும் அந்தச் சாசனத்தின் கீழ்தான் நடக்கிறது. ஏழு பேர் என்பதை 13 ஆக்க 2010இல்தான் முடிவு செய்தார்கள். 360 வருஷம் அவர் போட்ட எண் அப்படியே நின்றது.

இதை நினைக்க நினைக்க அவர் மேல் மரியாதை கூடுகிறது. ஈட்டன் போனபோது கல்லூரி ஒரு வருஷம் மூடியது. டன்ஸ்டர் போனபோது சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைவர் வந்துவிட்டார். தான் இல்லாமலும் நடக்கிற மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். "கல்லூரியை விடவா கருத்து பெரியது" என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் கல்லூரியைக் கைவிடவில்லை. விட்டுப் போனாலும் விழாத நிலையில் அதை வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9

அந்தச் சாசனத்தில் "ஆங்கிலேய, இந்திய இளைஞர்களின் கல்வி" என்று எழுதியிருக்கிறது. இங்கே இந்தியர் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகள். டன்ஸ்டருக்கு அதில் உண்மையான அக்கறை இருந்தது. பூர்வகுடிச் சிறுவர் இருவரைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்க முயன்றார், கல்லூரிப் படிப்புக்கு மிகவும் சின்னப் பிள்ளைகள் என்று கைவிட்டார். லண்டனில் திரண்ட பணத்தில் பூர்வகுடி மாணவர்களுக்காகச் செங்கல் கட்டடம் ஒன்று எழும்பியது. வாம்பனோவாக் இனத்தைச் சேர்ந்த காலெப் சீஷாட்டோமக் 1665இல் பட்டம் வாங்கி அடுத்த ஆண்டே காசநோயில் இறந்தார். 1698இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

சாசனம் கொடுத்த வாக்கை அந்தக் கல்லூரி காப்பாற்றவில்லை. டன்ஸ்டரை எவ்வளவு பிடித்தாலும் இதை எழுதாமல் தாண்ட எனக்கு மனமில்லை. வீட்டை விட்டு, மொழியை விட்டு, தங்கள் நிலம் பறிபோய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் லத்தீன் படிக்க வந்தார்கள்.

பிப்ரவரி 9, இரவு

பேச்சு திசைமாறினாலும் நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு வரி: டன்ஸ்டர் தலைவராக இருந்த 1649இல்தான் பாஸ்டனில் எலிஹு யேல் பிறந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, பிறகு தன் பெயரை இன்னொரு கல்லூரிக்குக் கொடுத்தவர். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இங்கே வேண்டாம்.

பிப்ரவரி 15

மகள் பாஸ்டன் பக்கம் இருப்பதால் கேம்பிரிட்ஜ் போயிருக்கிறேன். ஹார்வர்டுக்கு எதிரே ஒரு பழைய கல்லறைத் தோட்டம். டன்ஸ்டரை அங்கேதான் புதைத்தார்கள். சிட்யுவேட்டில் இறந்தவர், தன்னைக் கேம்பிரிட்ஜில் புதைக்கும்படி கேட்டிருந்தார். தன்னை வெளியே போகவைத்தவர்களுக்கும் உயிலில் பங்கு வைத்தார் என்று பின்னாளில் வந்த பாஸ்டன் போதகர் காட்டன் மாதர் எழுதியிருக்கிறார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு வேறொன்று படுகிறது. மிட்செல் அவர் மாணவர். அந்தச் சபை அவர் சபை. சில மாதச் சண்டைக்காக 14 வருஷ உறவை அவர் கணக்கிலிருந்து அழிக்கவில்லை.

பிப்ரவரி 20

கடைசியாகக் கேட்ட கேள்வி: அவர் பாப்டிஸ்டா, அவர் செய்ததால் யாருக்காவது பலன் உண்டா?

எந்த பாப்டிஸ்ட் சபையிலும் அவர் சேரவில்லை. ஆனால் அவரோடு பழகிய சார்ல்ஸ்டவுன்காரர் தாமஸ் கூல்டு 1655இல் தன் குழந்தையைக் கொண்டுவர மறுத்தார். பத்து வருஷம் இழுபறிக்குப் பின் 1665இல் அவர் வீட்டில் பாஸ்டனின் முதல் பாப்டிஸ்ட் சபை தொடங்கியது. அபராதம், சிறை எல்லாம் வந்தது. 1680இல் அவர்கள் கட்டிய ஆலயத்தின் கதவை அதிகாரிகள் ஆணியடித்து மூடினார்கள். 1718இல் அதே சபைக்கு எலிஷா காலெண்டர் என்பவரைப் போதகராக அபிஷேகம் செய்தபோது, பழைய சபைகளின் பெரிய தலைகளான இன்க்ரீஸ் மாதரும் காட்டன் மாதரும் வந்து கலந்துகொண்டார்கள். காலெண்டர் ஹார்வர்டில் படித்தவர்.

1721இல் ஹார்வர்டுக்கு முதல் பேராசிரியர் பதவி கிடைத்தது, இறையியலுக்கு. அதற்குப் பணம் கொடுத்தவர் லண்டன் வியாபாரி தாமஸ் ஹாலிஸ். அவர் ஒரு பாப்டிஸ்ட். டன்ஸ்டர் போய் 67 வருஷம் கழித்து, அவர் எந்தக் கருத்துக்காகப் போனாரோ அதே கருத்துள்ளவரின் பணத்தை அந்தக் கல்லூரி வாங்கிக்கொண்டது. பாப்டிஸ்ட் மாணவர்களை ஒதுக்கக் கூடாது என்று ஹாலிஸ் கேட்டதற்கும் சம்மதித்தது.